எம்.சி.ஆர். செருப்பு: அப்பா ஒரு வருடம் போட்ட பிறகு

சேலம் அம்மாபேட்டையில் தறி நெய்தவர் அப்பா. சுகர் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் டாக்டர் அவர் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். பெருவிரலுக்கு அடியில் தொட்டது அப்பாவுக்குத் தெரியவே இல்லை. அதிர்வைச் சோதிக்கும் கருவியிலும் 25 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் உணர்ந்தார். புண் வர வாய்ப்பு அதிகம், இனி எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த) செருப்புதான் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

முதலில் ஒரு மருந்துக்கடையில் 'டயாபடிக் செருப்பு' என்று எழுதியிருந்ததை வாங்கினோம். வெறும் ஸ்பாஞ்ச். குதிகால் பக்கம் சீக்கிரமே பள்ளமாகிவிட்டது. அப்புறம் ஐந்து ரோடு பக்கம் அளவெடுத்துச் செய்து தரும் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். விலை 1,400 ரூபாய்.

அந்தக் கடைக்காரர் வேலை செய்த விதத்துக்கே அந்த விலை தகும். அப்பாவை நிற்கவைத்துத் தாளில் பாதத்தை வரைந்தார். போட்டுப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று அப்பா சொன்னதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. "மரத்துப்போன காலுக்கு எல்லாச் செருப்பும் நல்லாத்தான் இருக்கும்யா, நடந்துட்டு வாங்க" என்றார். கால் மணி நேரம் நடக்கவிட்டு, கழற்றி, தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். இடது சுண்டுவிரல் ஓரம் சிவந்திருந்தது. வாரை அங்கேயே தளர்த்தித் தைத்துக் கொடுத்தார்.

உள்ளே மெத்தென்ற ரப்பர்; கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கி உடனே எழும்புகிறது. அடியில் முள் ஏறாத கெட்டியான சோல். ஆணி எதுவும் அடிக்கவில்லை, எல்லாம் பசைதான். குதிகாலில் பின்வார் இருப்பது பெரிய நிம்மதி. முன்பெல்லாம் ஹவாய் செருப்பு வழியில் கழன்று விழுந்தது தெரியாமல் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வீடு வரை ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறார்.

குறையும் உண்டு. வெல்க்ரோவில் பஞ்சு சேர்ந்து பிடிப்பு குறைந்துவிடுகிறது. ஏற்காட்டில் மழையில் நனைந்தது காய இரண்டு நாள் ஆனது. ஈரத்தோடு போடவும் கூடாது. கோயிலில் கழற்றித்தானே ஆகவேண்டும்? அதனால் ஆடித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு, கல் சுட ஆரம்பிப்பதற்குள் விடிகாலையிலேயே கூட்டிப்போய் வந்துவிடுகிறோம்.

செருப்பு வந்துவிட்டது என்று எதையும் விட்டுவிடவில்லை. போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவி, கல் ஏதும் இல்லையென்று பார்த்துத்தான் அப்பா காலை நுழைக்கிறார். இரவில் அம்மா விரலிடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்க்கிறார். கால் ஆணியை வீட்டில் பிளேடால் சீவுவது, பிளாஸ்டர் ஒட்டுவது எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. ஏற்கெனவே புண் இருப்பவர்களும் பாதம் கோணியவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்கு வேறு வகைச் செருப்பு தேவைப்படும்.

வாங்குகிறவர்கள் சாயங்காலம் போங்கள், கால் லேசாக வீங்கியிருக்கும்போது எடுக்கும் அளவுதான் சரியாக இருக்கும். பெருவிரல் இடத்தில் ரப்பர் தட்டையாகிவிட்டதால் போன மாதம் உள்சோலை மட்டும் 350 ரூபாய்க்கு மாற்றிக்கொண்டோம்.