கர்நாடக இசை ரேடியோ பெட்டி வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் பக்கம் போட்டிருந்த தற்காலிகக் கடை ஒன்றில் ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்தேன். "24 மணி நேரமும் கர்நாடக இசை. விளம்பரம் கிடையாது. அனுபவமுள்ள அறிவிப்பாளர்கள்" என்று அட்டை தொங்கியது. 189 வெள்ளி. வைஃபையில் இணைத்து ஒரு பித்தானை அழுத்தினால் போதும், பாடும். "பெரியவங்களுக்குன்னே செஞ்சதுண்ணே" என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன்.

என் அம்மாவுக்கு 76 வயது. ஈசூன் வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருப்பார். மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு இங்கே 92.4 என்று தனியாக ஒரு எஃப்.எம். உண்டு. கர்நாடக இசைக்கு அப்படி ஒன்று கிடையாது. தமிழ் வானொலியான ஒலி 96.8 எங்கள் வீட்டில் ஓடாத நாள் இல்லை, ஆனால் அதில் பெரும்பாலும் திரைப்பாட்டும் பேச்சும்தான். எஸ்பிளனேட் கலை அரங்கில் நடக்கும் இந்தியக் கலை விழாவான கலா உத்சவம் வருடத்துக்கு ஒருமுறை. மற்றக் கச்சேரிகளுக்கெல்லாம் முட்டிவலியோடு அம்மாவை அழைத்துப் போவது லேசான காரியம் இல்லை. அதனால் அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது.

உண்மையைச் சொன்னால் பாட்டைவிட 'அறிவிப்பாளர்கள்' என்ற சொல்லுக்குத்தான் மயங்கினேன். அம்மா வானொலி கேட்டே வளர்ந்தவர். பாட்டு முடிந்ததும் ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர்கள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவரே அவர் கணக்கில் நல்ல அறிவிப்பாளர். அதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். அப்படி ஐந்தாறு நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன.

முதல் வாரம் சரியாகத்தான் போயிற்று. அப்புறம் ஒருநாள் காலை அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, ஜின்பின்னு ஒருத்தர் பாடினாராமே, யாரு அவர்?" எனக்கும் தெரியவில்லை. மறுநாள் கூடவே உட்கார்ந்து கேட்டபோதுதான் புரிந்தது. பழம்பெரும் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தைச் சுருக்கமாக ஜி.என்.பி. என்பார்கள். அந்த மூன்று எழுத்தை ஒரே சொல்லாக வாசித்திருக்கிறது இயந்திரம். ஆமாம், இயந்திரம். அனுபவமுள்ள அறிவிப்பாளர் என்று எவரும் அந்தப் பெட்டிக்குள் இல்லை. எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் ஒன்று, ஒரே ஏற்ற இறக்கத்தில், மாலை ஆறரை மணிக்கும் "இந்த இனிய காலைப்பொழுதில்" என்று வாசித்துக்கொண்டிருந்தது.

பெயர் உச்சரிப்பைச் சிரித்துவிட்டு விடலாம். தகவலே தப்பு என்பதுதான் எரிச்சல். கிருதி ஒன்றில், இயற்றியவர் தன் அடையாளமாகப் பாட்டுக்குள் வைக்கும் முத்திரைச் சொல் 'குருகுஹ' என்று காதில் தெளிவாக விழுகிறது; முடிந்ததும் "இது தியாகராஜ சுவாமிகள் இயற்றியது" என்கிறது குரல். முத்துசுவாமி தீட்சிதரின் முத்திரை அது என்று பாட்டு வகுப்பில் சேர்ந்து ஆறு மாதமான பிள்ளைகூடச் சொல்லும். 'கிருஷ்ணா நீ பேகனே' வந்தபோது புரந்தரதாசர் என்றது. வியாசராயர் பாடல் அது. கன்னடத்தில் இருந்தால் போதும், எல்லாம் புரந்தரதாசர் கணக்கில் போலிருக்கிறது! தாலாட்டு ராகமான நீலாம்பரியைக் காலை ஏழு மணிக்குப் போட்டு அம்மாவைத் திரும்பத் தூங்க வைக்கப் பார்த்தார்கள். கச்சேரியின் நீண்ட உருப்படியான ராகம் தானம் பல்லவியில், தானம் சூடு பிடிக்கும் இடத்தில் சட்டென்று வெட்டி, மூட்டுவலித் தைல விளம்பரம். விளம்பரமே கிடையாது என்ற அட்டை எங்கே போயிற்றோ. நோட்டில் எழுதியதில் பாதியை அம்மா அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. எனக்கு 189 வெள்ளி போனதைவிட அந்த அடித்தல் திருத்தல்தான் உறுத்துகிறது.

நடுநடுவே சில மணி நேரம் மட்டும் நிகழ்ச்சி மிகத் தரமாக இருக்கும். மனிதக் குரல், முழுக் கச்சேரி, ஒழுங்கான அறிவிப்பு. எப்படி என்று யோசித்தேன். காலைச் சுலோகங்கள் எட்டரைக்கு வந்தன. இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அங்கே அப்போது ஆறு. ஒருநாள் "ஆகாஷ்..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் வெட்டுப்பட்டது. அம்மா உடனே, "இது ஆகாஷ்வாணிடா" என்றார். இந்தியாவின் தேசிய வானொலி.

என் கைப்பேசியில் நியூஸ்ஆன்ஏர் செயலியைத் தரவிறக்கி, ஆகாஷ்வாணியின் 'ராகம்' அலைவரிசையைப் போட்டேன். 2016 குடியரசு தினத்தில் தொடங்கிய 24 மணி நேரச் சாஸ்திரிய இசை அலைவரிசை அது. கேட்க ஒரு காசு தேவையில்லை. பெட்டியிலும் அதே வயலின், அதே வர்ணம், ஏறக்குறைய அரை நிமிடம் தாமதமாக. இலவசமாக வருவதை எடுத்து, அலைவரிசையின் பெயர் வரும் இடத்தை மட்டும் கத்தரித்து, மிச்ச நேரத்துக்கு இயந்திரக் குரலை ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. முதல் வருடச் சந்தா இலவசம் என்று சொல்லி, 'பதிவு செய்ய' மட்டும் என்று என் கிரெடிட் கார்டு விவரத்தை வாங்கியிருந்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்தே மாதம் 12.90 வெள்ளி போயிருக்கிறது. நான்காவது மாதம்தான் பார்த்தேன். என் கவனக்குறைவுதான், மறுக்கவில்லை. வங்கியில் முறையிட்டு, கார்டை மாற்றி, மூன்று மாதப் பணம் திரும்பி வந்தது.

பெட்டிப் பணம்தான் வரவில்லை. கடைக்காரரின் எண் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். ஒருமுறை எடுத்தவர், "சர்வர் வெளிநாட்டுல இருக்குண்ணே, நான் வெறும் ஏஜெண்ட்" என்று சொல்லி வைத்துவிட்டார். பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போனேன். பேசித் தீர்க்க உதவுவார்கள், ஆனால் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், என்னைப் போன்ற சின்னத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் யார்மேல் போடுவது? ரசீதில் கடைப் பெயர் என்று ஏதோ ஒன்று, ஒரு கைப்பேசி எண், அவ்வளவுதான். நிறுவனப் பதிவெண்ணான யூ.இ.என். இல்லை. அது இருந்தால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் இணையத்தளத்தில் தேடி ஆளைப் பிடிக்கலாம். எனவே தற்காலிகக் கடையில் எது வாங்கினாலும், காசு கொடுக்கும் முன் ரசீதில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுக்கு என்று கார்டு கேட்டால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இப்போது பழைய கைப்பேசி ஒன்றில் அந்தச் செயலியை மட்டும் வைத்து, ஒலிபெருக்கியோடு இணைத்து அம்மா பக்கத்தில் வைத்திருக்கிறேன். அங்கேயும் ஓர் அறிவிப்பாளர், கச்சேரியை முடித்துவைக்கும் மங்களம் முடிவதற்குள் பேச ஆரம்பித்துவிடுகிறாராம். அம்மா தினமும் திட்டுகிறார். பெட்டி அலமாரி மேல் இருக்கிறது. கடைக்காரர் இந்த வருடமும் கடை போட்டால் எடுத்துக்கொண்டு போவேன்.