ஐந்து முன்னங்கால்களும் ஒரு தவறான படமும்

பதினொரு வருடமாக உயிரியல் நடத்துகிறேன். அமைப்பொத்த உறுப்புகள், அதாவது வேலை வேறானாலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததால் ஒரே அடிப்படை அமைப்புள்ள உறுப்புகள் பற்றிய பாடத்தை இதுவரை கரும்பலகைப் படத்தை வைத்தே நடத்தினேன். இந்த வருடம் முன்னங்கால் எலும்பு மாதிரிகள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினேன். மனிதக் கை, பூனை, குதிரை, வௌவால், திமிங்கலம் என்று ஐந்து. பிளாஸ்டிக்தான், ஆனால் நல்ல கனம்; மூட்டுகள் அசைகின்றன.

இதன் உயிரே வண்ணம்தான். தோளிலிருந்து இறங்கும் ஒற்றை எலும்பு ஐந்திலும் மஞ்சள். அதன் கீழே வரும் இரண்டு எலும்புகள் நீலமும் பச்சையும். மணிக்கட்டு சிவப்பு, விரல்கள் வெள்ளை. குதிரையில் பச்சை எலும்பு மேலே சிறு துண்டாகி நீலத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. அதைக்கூடச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

ஒரு மாணவி திமிங்கலத் துடுப்பைத் தன் கையோடு சேர்த்துவைத்து மஞ்சள், நீலம், பச்சை என்று தடவிக்கொண்டே வந்தாள். விரல் வந்ததும் நிமிர்ந்து, "மிஸ், துடுப்புக்கு எதுக்கு விரல்?" என்றாள். பாடமே அந்தக் கேள்விதான். நீந்துவதற்கு விரல் தேவையில்லை. சுறாவின் துடுப்பில் இந்த வரிசையே கிடையாது. திமிங்கலத்தின் மூதாதைகள் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்கு காலில் தரையில் நடந்தவை. இயற்கைத் தேர்வு புதிதாக ஒன்றைச் செய்து வைப்பதில்லை, இருப்பதைத்தான் நீட்டும், குறுக்கும். வௌவாலில் அதே விரல்கள் நீண்டு இறக்கையைத் தாங்குகின்றன. தும்பியும் பறக்கிறது, ஆனால் அதன் இறக்கையில் எலும்பே இல்லை. வேலை ஒன்று, வம்சம் வேறு.

குதிரையில் ஒரு பெரிய குறை. குதிரை நடுவிரல் ஒன்றில்தான் நிற்கிறது. அதன் இருபுறமும் பழைய விரல்களின் மிச்சமாக இரண்டு மெல்லிய எலும்புகள் உண்டு. மாதிரியில் அவற்றை நடு எலும்போடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். ஐந்து விரல் ஒன்றாகக் குறைந்த கதைக்குச் சாட்சியே அவைதான். நான் மார்க்கரால் கோடு போட்டுக் காட்டுகிறேன்.

கூடவே வரும் சுவர்ப்படத்தை மாட்டவே வேண்டாம். கூனிய குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அதே பழைய வரிசை. "குரங்கிலிருந்து வந்தோம்னா குரங்கு ஏன் இன்னும் இருக்கு?" என்ற கேள்வி இந்தப் படத்திலிருந்துதான் பிறக்கிறது. சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. பரிணாமம் கிளை பிரியும் மரம். படத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அதில் மரத்தை வரைந்து மாட்டினேன்.

கையேடு பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் அருமை: சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில், வழக்கமாக முனையில் மட்டும் இருக்கவேண்டிய டி.என்.ஏ. தொடர்கள் கிடக்கின்றன. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய இடம் அது. எலும்பு சொல்வதையே மரபணுவும் தனியாக வந்து சொல்கிறது.

அப்புறம், வௌவாலின் கட்டைவிரல் மூட்டு ரொம்ப மெல்லிசு. இரண்டாவது வாரமே கழன்றுவிட்டது. பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது மஞ்சள் எலும்பைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள்.