படம், காணொளி, பாட்டு: ஆறு வருடமாக எங்கள் தளத்தின் சைட்மேப்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஓர் இணையதளம் இருக்கிறது. 2019 முதல் நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். காவடிப் படங்கள், பழைய கல்யாணப் படங்கள், இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பேர் வாங்கிவிட்ட தெருக்கூத்தின் காணொளிகள், ஆயாமார் பாடிய மாரியம்மன் தாலாட்டு என்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவை எல்லாம் அதில் உண்டு. இவ்வளவு இருந்தும், முதல் மூன்று வருடம் கூகிளில் தேடினால் முகப்பும் சில கட்டுரைகளும்தான் வரும்.

தளத்தில் என்னென்ன பக்கங்கள் உண்டு என்று தேடுபொறிக்குச் சொல்லும் முகவரிப் பட்டியல்தான் சைட்மேப். அப்போது எங்களிடம் இருந்தது ஒரே சைட்மேப் கோப்பு. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம், சுருக்காத அளவு 50 எம்பியைத் தாண்டக் கூடாது என்பது விதி. நமக்கு அதில் கால்வாசிகூட வராதே என்று அப்படியே விட்டிருந்தேன். இடம் போதும்தான். ஆனால் கோளாறு எங்கே என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை பக்கங்கள் கூகிள் தேடலில் சேரவில்லை என்று, தள உரிமையாளர்களுக்குக் கூகிள் தரும் சர்ச் கன்சோல் மொத்தமாகச் சொல்லும். அவை படப் பக்கங்களா, பாட்டுப் பக்கங்களா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

2022ல் பிரித்தேன். மேலே, மற்ற சைட்மேப்புகளைப் பட்டியலிடும் ஓர் இண்டெக்ஸ் கோப்பு. அதற்குக் கீழே கட்டுரை, படம், காணொளி, ஒலிப்பதிவு, பிடிஎஃப் என்று ஐந்து. சர்ச் கன்சோலில் எந்தச் சைட்மேப்பின் பக்கங்கள் என்று தேர்ந்தெடுத்து அறிக்கையைப் பார்க்கலாம். பார்த்த அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. கட்டுரைகளுக்குக் குறையே இல்லை, காணொளிகள்தான் மாட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் முன்படங்கள் (தம்ப்நெயில்) இருந்த ஃபோல்டரை யாரோ எப்போதோ ரோபோட்ஸ் கோப்பில், அதாவது தேடுபொறி எங்கே போகக் கூடாது என்று சொல்லும் கோப்பில், தடுத்து வைத்திருந்தார்கள். முன்படத்தை எடுக்க முடியாவிட்டால் கூகிள் அந்தக் காணொளியைக் காட்டாது. ஒரு வரியை அழித்தேன், சரியாகிவிட்டது.

படங்களின் கதை வேறு. பட சைட்மேப்பில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, அதற்குள் அந்தப் பக்கத்தில் உள்ள படங்களை அடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 1,000 படங்கள் வரை போகலாம். அதில் விளக்கம் எழுத ஓர் இடம் இருந்தது. யார் எந்த வேஷம் கட்டினார், எந்த வருடம், எந்தத் தோட்டம் என்று இரவெல்லாம் அங்கே தட்டச்சு செய்தேன். 2022ல் விளக்கம், தலைப்பு போன்ற அந்தக் குறிச்சொற்களைக் கூகிள் கைவிட்டது. மனசு கஷ்டமாக இருந்தது. சரி என்று எல்லாவற்றையும் பக்கத்துக்கே கொண்டுவந்து, படத்துக்குக் கீழேயும், படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் ஆல்ட் உரையிலும் போட்டேன். முதலிலேயே அங்கே எழுதியிருக்க வேண்டியவை. சைட்மேப்பை எந்த மனிதர் திறந்து படிக்கிறார்?

அடுத்த வருடம் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் லெனேசியாவிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். “அண்ணா, எங்க தாத்தா பேரைத் தேடினேன், அர்ஜுனன் வேஷத்துல நிக்கிறாரு. இந்தப் படம் எங்க வீட்டுலயே இல்ல.” அப்புறம் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

2023 டிசம்பரில் இன்னொரு மாற்றம். காணொளிதான் ஒரு பக்கத்தின் முக்கிய விஷயமாக இருந்தால் மட்டுமே தேடலில் அதைக் காணொளியாகக் காட்டுவோம் என்று கூகிள் சொல்லிவிட்டது. எங்கள் தைப்பூசப் பக்கத்தில் ஏழு காணொளிகள் வரிசையாக இருந்தன. ஏழுக்கும் தனித்தனிப் பக்கம் போட்டு, தலைப்பு, விவரம், முன்படம், கோப்பின் முகவரி எல்லாம் புதிதாக எழுதினேன். இரண்டு வார வேலை.

ஒலிப்பதிவுக்கென்று கூகிளில் தனி சைட்மேப் வகை கிடையாது. படத்துக்கும் காணொளிக்கும் செய்திக்கும் இருக்கிறது, பாட்டுக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு தாலாட்டுக்கும் ஒரு பக்கம் வைத்து, பாட்டின் வரிகளை முழுசாக எழுதி, அந்தப் பக்கத்தை ஒலிப்பதிவுக் கோப்பில் சாதாரண சைட்மேப் வடிவிலேயே சேர்க்கிறேன். வரிகளை எழுதிய பாட்டுகள்தான் தேடலில் வருகின்றன. வெறும் பிளேயர் மட்டும் உள்ள பக்கங்கள் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. செய்தி சைட்மேப்பையும் முயன்றேன். கடைசி இரண்டு நாளில் வந்த செய்திகளுக்கு மட்டும் என்பதால், மாதம் ஒரு அறிவிப்பு போடும் எங்களுக்கு ஒத்துவரவில்லை.

லாஸ்ட்மாட், அதாவது பக்கம் கடைசியாக மாறிய தேதியில் நேர்மை வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை இங்கே முதலில் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்ததைச் சொல்லும் பக்கத்தை நான் 2019க்குப் பிறகு தொடவே இல்லை. சைட்மேப்பைத் தானாக உருவாக்கிய எங்கள் பழைய பிளகின் (தளத்தில் பொருத்தும் சிறு நிரல்) அதற்குத் தினமும் அன்றைய தேதியைப் போட்டுக்கொண்டிருந்தது. தேதி தொடர்ந்து சரியாக இருந்தால்தான் கூகிள் அதை மதிக்கும். பக்கத்தின் முக்கியத்துவத்தைச் சொல்லும் பிரையாரிட்டி, எவ்வளவு அடிக்கடி மாறும் என்று சொல்லும் சேஞ்ச்ஃப்ரீக் இரண்டையும் அது பார்ப்பதே இல்லை; அவற்றை எடுத்தேவிட்டேன்.

இரண்டு விபத்துகளையும் சொல்ல வேண்டும். ஒரு காணொளித் தலைப்பில் பொங்கலுக்கும் பூஜைக்கும் நடுவில் ஆம்பர்சண்ட் (&) குறியை, சைட்மேப்புக்கு ஏற்ற வடிவில் மாற்றாமல் அப்படியே விட்டிருந்தேன். அந்த ஒரு குறியால் கோப்பு முழுவதும் படிக்க முடியாமல் போனது. இன்னொன்று 2023ல், லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், சர்வரில் பாதிக் கோப்பு நின்றுவிட்டது. நாலு நாள் கழித்துத்தான் கவனித்தேன். இப்போது தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுசாக வந்ததும் பெயர் மாற்றுகிறேன்.

முகவரியைத் தமிழில் வைப்பவர்களுக்கு ஒன்று: சைட்மேப்பில் அது சதவீதக் குறிகளாக மாற்றி எழுதப்பட வேண்டும். காவடி என்ற ஒரு சொல் மட்டும் 45 எழுத்தாக நீளும். நான் முகவரியை ஆங்கில எழுத்தில் சின்னதாக வைத்து, தமிழைத் தலைப்பில் வைக்கிறேன்.

டொங்காட்டில் ஒரு வீட்டிலிருந்து வந்த கேசட்டுகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. பாட்டைக் கேட்டு வரி வரியாக எழுத, தமிழ் காதில் நன்றாக விழும் ஓர் ஆள் வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் அவற்றைச் சைட்மேப்பில் சேர்க்கப்போகிறேன்.