‘பதப்படுத்திய மூங்கில்’ என்று சொல்லிக் கட்டிக்கொடுத்த படல்

இது புலம்பல் பதிவுதான். ஆனாலும் மூங்கில் படலோ குச்சிப் பின்னல் வேலியோ வைத்துத் தோட்டத்தை அழகுபடுத்த நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். அதன் ஒரு பக்கம் துருப்பிடித்த கம்பி வேலி, பார்க்கச் சகிக்காது. அதை எடுத்துவிட்டு 40 அடி நீளத்துக்கு, 6 அடி உயரத்தில், மூங்கில் பிளாச்சுகளை, அதாவது நீளவாக்கில் பிளந்த மூங்கில் பட்டைகளைப் பின்னிய படல் வைத்தால் செம்பருத்திக்கும் கொடிகளுக்கும் நல்ல பின்னணியாக இருக்கும் என்பது என் நெடுநாள் ஆசை. வேலையை எடுத்தவர் தன் கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. தேன் நிறம், நெருக்கமான பின்னல், பளபளப்பு. எல்லாமே வேலை முடிந்த அன்றைக்கே எடுத்த படங்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

“எல்லாம் பதப்படுத்திய மூங்கில் சார். பத்து வருடத்துக்கு நீங்கள் திரும்பியே பார்க்க வேண்டாம்” என்றார். எதில் பதப்படுத்தியது என்று கேட்டேன். “மருந்து போட்டது” என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. மொத்தத் தொகையில் முக்கால் பங்கை முதலிலேயே வாங்கிக்கொண்டார். கொடுத்த ரசீதில் ‘மூங்கில் வேலி வேலை’ என்று மூன்றே சொற்கள். பதப்படுத்தியது என்ற சொல் அவர் வாயில் இருந்ததே தவிரத் தாளில் இல்லை.

இரண்டே நாளில் வேலை முடிந்தது. 8 அடிக்கு ஒரு கால், மொத்தம் 6 கால்கள், நடுவில் 5 படல்கள். முதல் மாதம் வந்தவர்களையெல்லாம் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினேன். அந்தப் பெருமைக்கும் சேர்த்துத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

முதல் மழையிலேயே வேலியின் அடியில் மண் பழுப்பாகக் கசிந்தது. தேன் நிறம் என்று நான் மயங்கியது பூசிய சாயம். சாயம் போன இடத்தில் தெரிந்த மூங்கில் வெளிறி, பச்சை கலந்த மஞ்சளாக இருந்தது. வெட்டும்போது மூங்கிலுக்கு மூன்று வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இளசாக வெட்டியது காயக் காயச் சுருங்கும். என் படலும் சுருங்கியது. பிளாச்சுக்குப் பிளாச்சு விரல் நுழையும் இடைவெளி விழுந்து, நெருக்கமான பின்னல் பல் விழுந்த சீப்பு மாதிரி ஆனது.

நான்காவது மாதம் ஒரு நாள் காலையில் தண்ணீர் ஊற்றப் போனபோது செம்பருத்தி இலைகளின் மேல் மாவு படிந்திருந்தது. முகத்துக்குப் போடும் பவுடரைத் தட்டிவிட்டது போல அவ்வளவு மென்மை. இலைநோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் கலந்து தெளித்தேன். மறுநாளும் மாவு. அண்ணாந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பிளாச்சின் உள்பக்கம் முழுக்க குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். விரலால் ஒரு தட்டு தட்டினால் ஒவ்வொரு துளையிலிருந்தும் மாவு கொட்டியது. உளுத்துப்போதல் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணெதிரே அன்றுதான் பார்த்தேன்.

மூங்கிலின் சதையில் மாவுச்சத்து நிறைய உண்டு. அதைத் தின்னத்தான் அரிசிமணியைவிடச் சிறிய ஒரு வண்டு துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது, முட்டையிடுகிறது, புழுக்கள் உள்ளிருந்தே குடைகின்றன. வெளித்தோல் வழவழப்பாக அப்படியே நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதைத் தடுக்கத்தான் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் மூங்கிலை நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். வெளித்தோல் கரைசலை உள்ளே விடாது. அதனால் முழுக் கழியாக இருந்தால் உள்ளே உள்ள கணுத்தடுப்புகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுவார்கள், அல்லது கணுவுக்குக் கணு சின்னத் துளை போடுவார்கள். பச்சை மூங்கிலில் ஒரு முனையிலிருந்து அழுத்தத்தோடு மருந்தைச் செலுத்தும் முறையும் இருக்கிறது, அதில் துளை இருக்காது. எதுவானாலும் செய்தவருக்கு விளக்கத் தெரிந்திருக்கும். ‘மருந்து போட்டது’ என்று இரண்டு சொல்லில் முடிக்க மாட்டார்.

அவரை அழைத்தேன். வந்து பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை. “இயற்கைப் பொருள் என்றால் இப்படித்தான் சார் இருக்கும். ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிட்டால் சரியாகிவிடும்” என்றார். அதற்குத் தனிக் கட்டணமாம். எனக்கு ரத்தம் கொதித்தது இங்கேதான். விற்கும்போதும் இயற்கை, கெட்டுப்போனால் அதற்குச் சாக்கும் அதே இயற்கை. உள்ளே புழு இருக்கும்போது மேலே வார்னிஷ் அடிப்பது சீழ் வைத்த புண்ணுக்குப் பவுடர் போடுவதற்குச் சமம். பிளாச்சுகள் மருந்தில் ஊறியவைதானா என்று நேராகவே கேட்டேன். “சத்தியமாக” என்றார்.

நல்லவேளையாக, மிச்சமான பிளாச்சுகளை வேலையாட்கள் என் சாமான் அறையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போராக்ஸ் மழையில் கரைந்து வெளியேறும் தன்மை உடையது. வெளியில் நின்ற படலைச் சோதித்தால் ‘மழையில் போயிருக்கும்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். மழையே படாத இந்தத் துண்டுகளுக்கு அந்தச் சாக்கு செல்லாது. வேதியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் நாலைந்து துண்டுகளைக் கொடுத்தேன். மஞ்சளை ஆல்கஹாலில் கரைத்து வெட்டுமுனையில் தடவினார். காய்ந்ததும் சாலிசிலிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இன்னொரு கரைசலைத் தொட்டு வைத்தார். போராக்ஸிலும் போரிக் அமிலத்திலும் உள்ள போரான் இருந்தால் மஞ்சள் சிவப்பாக மாற வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, தானே போரிக் அமிலத்தில் ஊறவைத்த ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்திருந்தார். அது சில நிமிடங்களில் செங்கல் நிறத்துக்கு வந்தது. என்னுடையவை கடைசிவரை மஞ்சளாகவே இருந்தன. அதைப் படமெடுத்து வேலி கட்டியவருக்கு அனுப்பினேன். அத்தோடு என் அழைப்புகளை அவர் எடுப்பது நின்றுபோயிற்று.

இது போதாதென்று கொசு. ஆறு கால்களும் கைக்கு அடங்காத பருமனுள்ள முழு மூங்கில்கள். உச்சியில் கணுவுக்கு வெகு மேலே வெட்டியிருந்ததால் ஒவ்வொன்றும் ஒரு குவளை. மாலையில் தோட்டத்தில் உட்கார முடியாமல் போனபோது தொட்டி, சாக்கடை, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் தேடிவிட்டுக் கடைசியாக நாற்காலி போட்டு ஏறி ஒரு காலின் உச்சியில் டார்ச் அடித்தேன். அரைக் குவளைத் தண்ணீர், அதில் நெளிநெளியாகப் புழுக்கள். கணுவை ஒட்டி ஒரு விரல் மேலே வெட்டியிருந்தால் தண்ணீர் நிற்கவே வழியில்லை. வேலை தெரிந்தவர் செய்யாத தவறு இது.

ஏழாவது மாதம், ஒரு ராத்திரிக் காற்றில் நடுவில் இருந்த இரண்டு படல்கள் சாய்ந்தன. நெருங்கப் பின்னிய வேலி காற்றைப் பாய்மரம் போல வாங்கும். அதைத் தாங்குவது முழுக்கக் காலின் ஆழம்தான். 6 அடி வேலிக்குக் குறைந்தது 2 அடியாவது மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். கடப்பாரை போட்டுத் தோண்டிப் பார்த்தேன்: ஒரு அடிகூட முழுதாக இல்லை. தரைமட்டத்தில் கால் நனைந்த அட்டைபோல் நைந்து முறிந்திருந்தது. ஈரமும் காற்றும் சேரும் இடம் அது. எந்த மரமும் முதலில் அங்கேதான் மக்கும். பதப்படுத்தாத மூங்கிலை மண்ணில் நட்டால் ஒன்றிலிருந்து மூன்று வருடங்கள்தான் தாங்கும். மண்ணைத் தொடும் இடத்தில் போராக்ஸும் அதிகம் உதவாது, ஈரத்தில் கரைந்து போய்விடும். அதாவது அவர் சொன்னபடியே ஊறவைத்திருந்தாலும் ‘பத்து வருடம்’ என்பது பொய்தான். போதாக்குறைக்குப் படலின் அடிவிளிம்பையும் மண்ணில் புதைத்திருந்தார்கள். அங்கிருந்து கறையான் மண்கோடு போட்டு ஏற ஆரம்பித்திருந்தது.

இப்போது நிற்கும் வேலி வேறு. துத்தநாகம் பூசிய இரும்புக் கால்கள் மண்ணுக்குள், படல்கள் தரையிலிருந்து மூன்று விரற்கடை உயரத்தில் அந்தக் கால்களில் கட்டித் தொங்குகின்றன. ஆணி அடிக்கவில்லை. மூங்கிலில் ஆணி இறங்கினால் நீளவாக்கில் பிளந்துவிடும், அதனால் துளையிட்டுக் கம்பியால் கட்டச் சொன்னேன். பிளாச்சுகளை நீளமான தொட்டியில் என் கண் முன்னாலேயே ஊறவைத்தோம். பழைய படல்களை முழுக்க எரித்தேன். அதற்குள் வராந்தாவில் இருந்த மூங்கில் கூடை ஒன்றிலும் மாவு கொட்ட ஆரம்பித்திருந்தது. வண்டு வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. அந்தக் கூடையையும் நெருப்பில் போட்டேன். ஆகவே உளுத்த படலை ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவைக்காதீர்கள்.

வேலையைக் கொடுப்பதற்கு முன் படங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அவர் கட்டி இரண்டு மழைக்காலம் பார்த்த வேலி ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். போனால் பின்னலை ரசித்துக்கொண்டு நிற்காமல் குனிந்து அடியைப் பாருங்கள், பிளாச்சைத் தட்டிப் பாருங்கள். எந்த மருந்து, எத்தனை நாள் ஊறியது, கால் எவ்வளவு ஆழம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

போன வாரம் தெரிந்தவர் ஒருவர், தோட்டத்துக்குப் படல் வைக்கப்போவதாகச் சொல்லி, தனக்கு வந்த மாதிரிப் படங்களை எனக்கு அனுப்பி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். மூன்றாவது படம் என் தோட்டம். தேன் நிறம், நெருக்கமான பின்னல், இடது ஓரத்தில் பூத்து நிற்கும் என் செம்பருத்தி.