குளோரினேற்ற உலைக்கென வாங்கிய டைட்டேனியக் கசடு

எங்கள் ஆய்வகத்தின் குளோரினேற்றச் சோதனைக்காக (தாதுவின் டைட்டேனியத்தைக் குளோரினோடு சேர்த்து ஆவியாகப் பிரிக்கும் முறை) சென்ற மாதம் ஒரு மூட்டை டைட்டேனியக் கசடு வாங்கினோம். தரம் குறைந்த பாறை இல்மனைட்டை, அதாவது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஆக்சைடுத் தாதுவை, நிலக்கரியோடு மின்வில் உலையில் உருக்கி, இரும்பை வார்ப்பிரும்பாகப் பிரித்தபின் மிஞ்சும் சரக்கு இது. மூட்டையைப் பிரித்ததும் மகிழ்ச்சிதான்: கறுப்பாக, சீரான பருமனில் அரைக்கப்பட்டிருந்தது, காந்தத்தை விட்டுத் துழாவியதில் இரும்புத் துணுக்கு ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. வேதி வாய்ப்பாட்டின்படி இல்மனைட்டில் டைட்டேனியம் டைஆக்சைடு 53 விழுக்காட்டுக்குள்தான் இருக்கும். தரச்சான்றிதழில் கண்ட 80 விழுக்காடு உருக்கியவர்களின் கைத்திறனைக் காட்டியது.

குறை உலையில் தெரிந்தது. கசடுடன் பெட்ரோலியக் கோக் தூளைக் கலந்து, குவார்ட்ஸ் குழாயில் 950 பாகை செல்சியஸில் அடியிலிருந்து குளோரினைச் செலுத்தினோம். அரைமணி நேரம் படுகை, அதாவது குழாயிலிருந்த துகள் திரள், நன்றாகப் புரண்டது. பிறகு அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆறியபின் பார்த்தால், துகள்கள் பாகில் பிடித்த பொரியுருண்டை போல ஒட்டிக் கிடந்தன. அதை இரவு முழுவதும் மேசையில் வைத்திருந்தோம். காலையில் ஈரத்தை உறிஞ்சி நீர் கசிந்திருந்தது.

மக்னீசியம், கால்சியம் குளோரைடுகளின் வேலைதான் அது. அவற்றின் ஆக்சைடுகளை உருக்கு உலையின் கரி அசைப்பதில்லை. இரும்பு வெளியேற வெளியேற அவை கசடில் செறிகின்றன. பிறகு குளோரின் பட்டு, முறையே 714, 772 பாகையில் உருகும் குளோரைடுகளாகின்றன. டைட்டேனியம் டெட்ராகுளோரைடு 136 பாகையிலேயே கொதித்து ஆவியாக வெளியேற, இவை திரவமாகப் படுகையிலேயே தங்கித் துகள்களைப் பிணைத்துவிடுகின்றன. குளோரின் உலைக்கென்று சொல்லி விற்றவர், இவ்விரண்டின் அளவையும் சான்றிதழில் ‘ஏனையவை’ என்ற ஒற்றை வரிக்குள் அடக்கிவிட்டதை மன்னிக்க முடியவில்லை. வாங்குபவர் முதலில் தேடும் எண்களே அவைதாம்.

ஆவி குளிர்ந்து வடிந்த டைட்டேனியம் டெட்ராகுளோரைடு திரவம் மஞ்சளாக இருந்ததற்கு மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அந்த நிறத்தைத் தரும் வனேடியம் ஆக்சிகுளோரைடின் கொதிநிலையும் அதற்கு நெருக்கமாக 127 பாகை என்பதால், வெறும் வடித்தலால் அதை விரட்டுவது எளிதன்று. இது பல கசடுகளுக்கும் உள்ள தொல்லை.

கந்தக அமில முறையில் நிறமி தயாரிப்பவர்களும், உருகிய உப்புக் குளியலில் குளோரினேற்றம் செய்பவர்களும் இதைத் தயங்காமல் வாங்கலாம். எங்களைப் போன்றவர்கள், கனடாவின் சொரெல்-ட்ரேசியில் செய்வதுபோல அமிலத்தில் கழுவித் தரம் உயர்த்திய கசடையே கேட்க வேண்டும். ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண். அதில் இரண்டு அரைவைக்கு.