இலவசக் கருவியா, காசு கட்டுவதா: வன்னியில் இருந்து கோடிங் செய்பவர்களுக்கு

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கோடிங் படிக்கிற பெடியள் அடிக்கடி கேட்பது, கோட் எழுதும் இலவசக் கருவியான விஎஸ் கோட் போதுமா, இல்லை ஜெட்பிரைன்ஸ் நிறுவனம் காசுக்கு விற்கும் கருவிகளை வாங்கத்தான் வேண்டுமா என்று. எது திறம் என்று பார்க்க முதல், காசு கட்டுவதை நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது, மாதம் 10 டொலர் கட்டியவருக்கு அதே கருவி 2000 ரூபாவிலிருந்து 3600 ரூபாவாகிவிட்டது. வருமானம் ரூபாவில் வருகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

விஎஸ் கோட் 2015இல் மைக்ரோசொப்ட் வெளியிட்டது. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம், 4 ஜிபி ரேம் உள்ள பழைய லாப்டொப்பிலும் சின்ன வெப் புரொஜெக்ட் ஒன்றை இழுத்துக்கொண்டு போகும், எக்ஸ்டென்ஷன்களை (கூடுதல் வசதி தரும் துணைநிரல்களை) அள்ளிப் போடாத வரைக்கும். டேட்டா முடிந்துபோகிற இடங்களில் இன்னொரு வசதியும் உண்டு: எக்ஸ்டென்ஷனை விஎஸ்ஐஎக்ஸ் கோப்பாக வைஃபை உள்ள இடத்தில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, நெட் இல்லாமலே போட்டுக்கொள்ளலாம்.

ஜெட்பிரைன்ஸ் கருவிகளின் பலம் வேறு. பெரிய ஜாவா புரொஜெக்டில் ஒரு மெதட்டின் (பெயரிட்ட கோட் துண்டின்) பெயரை மாற்றினால் அது பயன்படும் இடமெல்லாம் தேடிப்பிடித்துச் சரியாக மாற்றித் தருவதில் அவர்களின் ஜாவா கருவியான இன்டெல்லிஜேதான் கெட்டிக்காரன் என்பது என் எண்ணம். ஆனால் ரேம் கேட்கும், 8 ஜிபிக்குக் கீழே என்றால் பொறுமை வேண்டும். 2024 ஒக்டோபரிலிருந்து அவர்களின் வெப் கருவியான வெப்ஸ்டோர்மும் சி ஷார்ப் மொழிக்கான ரைடரும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். இந்த 'வணிகமல்லாத' என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவருக்குக் காசு வாங்கி பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்தாலே அது வணிகம், அந்த லைசன்ஸ் செல்லாது. வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலோ படிக்கிறவர்கள் மாணவர் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதுவும் படிப்புக்கு மட்டும்தான்.

மைக்ரோசொப்ட்டின் இன்னொரு கருவியான விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி இந்த விஷயத்தில் தாராளம். தனியாள் அதில் காசுக்கும் வேலை செய்யலாம், சின்ன நிறுவனம் என்றால் ஐந்து பேர் வரை இலவசமாகப் பாவிக்கலாம். சி ஷார்ப்பில் தொழில் செய்ய நினைக்கிற மூன்று நான்கு பேர் கொண்ட குழு முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்புக்குக் காசு கட்ட அவசரமே இல்லை, 2020 ஏப்ரலிலிருந்து தனிப்பட்ட ரெப்போவில் (கோட் களஞ்சியத்தில்) எத்தனை பேரையும் இலவசமாகச் சேர்க்கலாம். ஃபோன் செயலி செய்யும் அன்ட்ரொய்ட் ஸ்டுடியோவுக்கும் காசில்லை, ஆனால் அங்கே செலவு டேட்டாவில். எஸ்டிகேயும் (செயலி செய்யத் தேவையான கோப்புகள்) எமுலேட்டரும் (கணினியில் ஓடும் போலி ஃபோன்) சேர்ந்து பல ஜிபி இழுக்கும். எமுலேட்டரை விட்டுவிட்டு உங்கள் ஃபோனையே கேபிளில் மாட்டிச் சோதியுங்கள், ரேமும் மிச்சம். தேவையானவை ஒருமுறை இறங்கிய பிறகு செயலியைத் தொகுக்கும் கிரேடிலை ஒஃப்லைன் மோடில் விடலாம்.

ஏஐ உதவியில்தான் நான் கடுமையாகச் சொல்வேன். கோட் வரிகளைப் பரிந்துரைக்கும் கிட்ஹப்பின் கொபைலட் 2022இல் மாதம் 10 டொலருக்கு வந்தது, 2024 டிசம்பரில் மாதம் 2000 பரிந்துரைகளோடு இலவசத் திட்டமும் வந்தது. படிக்கிறவருக்கு அது தாராளம். கட்டணத் திட்டத்தில் காசு நின்ற மாதமே அந்த வசதியும் நின்றுவிடும். ஜெட்பிரைன்ஸ் அப்படியல்ல, தொடர்ந்து 12 மாதம் கட்டியவருக்கு அந்த 12 மாதம் தொடங்கியபோது இருந்த பதிப்பு நிரந்தரமாகக் கிடைக்கும், புதுசு வராது, ஆனால் வேலை ஓடும்.

கிராக் பதிப்பு (லைசன்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) மட்டும் வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்குள் வேறு யாரோ எதையோ வைத்திருந்தால் வாடிக்கையாளரின் கடவுச்சொற்கள் எல்லாம் இருக்கிற இயந்திரத்துக்குள் அவர்களை நீங்களே கூட்டிக்கொண்டு வந்தது மாதிரி.

காசுக்கு வேலை வரத் தொடங்கிய பிறகும் ஜெட்பிரைன்ஸ்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், 30 நாள் சோதனைப் பதிப்பை டெலிவரி நெருங்கிய உண்மையான ஒரு வேலையில் போட்டுப் பாருங்கள். அதில் மிச்சமான மணித்தியாலங்களின் கூலி லைசன்ஸ் விலையைத் தாண்டினால் வாங்குங்கள், இல்லையென்றால் அந்தக் காசுக்கு ரேம் கூட்டுங்கள்.