எக்லிப்ஸ் டெமூரின் ஜாவா 21: ஃபேக்டரி ஆபீஸுக்கும் கல்லூரி லேப்டாப்புக்கும் சரிப்படுமா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருபவர்களும் ஊட்டியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளும் எக்லிப்ஸ் அமைப்பு தரும் ஜாவாவான டெமூரின் 21-ஐத் தாராளமாகப் போடலாம். இலவசம், லைசென்ஸ் தலைவலி இல்லை. மழைக்காலத்தில் நெட் போய்ப்போய் வரும் ஊர்களுக்கு இன்னொரு வசதி: விண்டோஸுக்கான இன்ஸ்டாலரான எம்எஸ்ஐ ஃபைலைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால், இன்ஸ்டால் செய்ய நெட்டே வேண்டாம்.

குழப்பமெல்லாம் பெயரிலும் எண்ணிலும்தான். எக்லிப்ஸ் என்றதும் அதே பெயரில் உள்ள, கோடு எழுதும் எடிட்டரும் கூடவே வரும் என்று நினைக்காதீர்கள், அது தனி. டவுன்லோடு பக்கத்தில் ஜேடிகே, ஜேஆர்இ என்று இரண்டு இருக்கும். புரோகிராம் எழுதிக் கம்பைல் செய்ய ஜேடிகே. ஓட்ட மட்டும் என்றால் ஜேஆர்இ போதும், அளவும் பாதிக்குக் கீழே. ஜாவாவின் சொந்தக்கார நிறுவனமான ஆரக்கிள், ஜாவா 11-லிருந்து தனி ஜேஆர்இ தருவதில்லை. டெமூரினில் இன்னும் கிடைக்கிறது.

ஜாவா 1.8 என்றாலும் ஜாவா 8 என்றாலும் ஒன்றே. 2017-இல் வந்த 9-லிருந்துதான் முன்னால் நின்ற 1 போனது. பழைய பாடப்புத்தகத்தில் வரும் 'ஜாவா 2' என்பது 1998-இல் 1.2-க்கு வைத்த விளம்பரப் பெயர். அதைக் கண்டு யாரும் எதையும் தேட வேண்டியதில்லை.

அதிகம் பேர் மாட்டுவது இங்கே: 21-இல் கம்பைல் செய்த இலைக் கணக்கு சாஃப்ட்வேர், ஆபீஸில் இருக்கும் ஜாவா 8-இல் ஓடாது. 'கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65, இங்கே 52 வரைதான்' என்று பிழை வரும். ஜாவா 65 என்று எதுவும் கிடையாது. 44-ஐக் கழியுங்கள்: 65 என்பது 21, 52 என்பது 8. ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தொட முடியாதென்றால் கம்பைல் செய்யும் கமாண்டான ஜாவாசியில் 'ரிலீஸ் 8' ஆப்ஷன் கொடுத்துக் கம்பைல் செய்யலாம். பழசாகிவிட்டது என்று எச்சரிக்கை வரும், வேலை நடக்கும். 8-க்குப் பிறகு வந்த மொழி வசதிகளையோ லைப்ரரி வசதிகளையோ கோடில் எழுதியிருந்தால் மட்டும் கம்பைல் ஆகாது.

இன்ஸ்டாலரில் ஒரு குறை. கமாண்டுகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர் பட்டியலான பாத்தில் ஜாவா தானாகவே சேர்கிறது, ஆனால் ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மற்ற சாஃப்ட்வேர்களுக்குச் சொல்லும் ஜாவா ஹோம் மீது சிவப்புப் பெருக்கல் குறி நிற்கும். அதைக் கிளிக் செய்து நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால், ஜாவா ஹோம் பழைய 8-ஐயே காட்டிக்கொண்டிருக்க, ஜாவா வெர்ஷன் கேட்டால் 21 என்று வரும், ஜாவா புராஜெக்டுகளைக் கம்பைல் செய்து கட்டித் தரும் மேவன் மட்டும் 8-ஐ எடுக்கும். மேவனிடமே வெர்ஷன் கேட்டால் எந்த ஜாவாவை எடுக்கிறது என்று சொல்லிவிடும்.

மாறாக, ஜாவாவே பழைய எண்ணைக் காட்டினால் கமாண்ட் விண்டோவை மூடிப் புதிதாகத் திறங்கள். அப்படியும் மாறாவிட்டால் 'வேர் ஜாவா' என்று அடியுங்கள். முதல் வரியில் வருவதுதான் ஓடுகிறது. ஆரக்கிளின் 'ஜாவாபாத்' ஃபோல்டர் அங்கே இருந்தால் பாத் பட்டியலில் அதைக் கீழே இறக்குங்கள்.

8-ஐ அழிக்க வேண்டியதில்லை. இரண்டும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கட்டும். இலைக் கணக்கைத் திறக்கும் பேட்ச் ஃபைலில் (கமாண்டுகளை எழுதி வைக்கும் ஃபைல்) ஜாவா 8 இருக்கும் ஃபோல்டரின் முழு முகவரியையும் எழுதிவிடுங்கள்.